பத்தியச் சோறு

மைசூரில் ராகிக் களியை யாரும் மெல்வதில்லை. உருண்டையைக் கிள்ளிச் சாற்றில் தோய்த்து அப்படியே விழுங்குகிறார்கள். வந்த புதிதில் நான் மென்றதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஹொன்னம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாயவரத்தில் நெல்லுச் சோறு தின்று வளர்ந்தவளுக்கு வேறென்ன தெரியும்? ஊரில் இருப்பவர்களே, நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். இனிமேல் சிரிக்க ஒன்றுமில்லை.

யுத்தத்தில் பர்மா அரிசி நின்றுபோனது. ரேஷன் கடையில் மெஷினில் வெளுக்கத் தீட்டிய பச்சரிசி கொஞ்சமும் ராகி நிறையவும் போட்டார்கள். எனக்குத் தலைப்பிரசவம். துணைக்கு வந்த அம்மா பத்தியத்தையும் கூடவே கொண்டுவந்தாள். வடித்த சோறு, மிளகு ரசம், சுட்ட பூண்டு. காயும் பருப்பும் ஆகாது. அப்படிச் சாப்பிட்டுத்தான் எங்கள் ஐந்து பேரையும் பெற்று வளர்த்தாள்.

ஒருநாள் ஹொன்னம்மா ராகிக் கஞ்சி கொண்டுவந்தாள். பிள்ளை பெற்றவளை இங்கே பாணந்தி என்பார்கள். "பாணந்திக்குக் கொடிம்மா, ஹாலு சென்னாகி ஊறும்" என்றாள். பால் நன்றாக ஊறுமாம்.

"வயல்ல எறங்குறவங்க குடிக்கிறத எம்பொண்ணுக்கா குடுக்கறது?" என்று அம்மா கையை ஆட்டி மறுத்தாள்.

கண்ணேறுக்குப் பயப்படுகிறாள் என்று ஹொன்னம்மா நினைத்துவிட்டாள். மறுநாள் முந்தானையால் மூடிக் கொண்டுவந்தாள். அம்மா வாசலோடு அனுப்பிவிட்டாள். எங்கள் பங்கு ராகியையும் தெருவில் கொடுத்து அரிசியாக மாற்றிக்கொண்டாள்.

பிள்ளை கொழுகொழுவென்றுதான் இருந்தான். மூன்றாம் மாதம் பாலைக் கக்கினான், மூச்சு வாங்கியது. பிறகு அழுகையில் சத்தம் நின்றுபோனது. வாய் திறக்கும், முகம் சிவக்கும், குரல் வராது. பெற்றவளுக்கு இதைவிடக் கொடுமை இல்லை.

டாக்டர் என் வீங்கிய காலை அழுத்திப் பார்த்தார். "தீட்டின அரிசியிலே தவிடோட சத்தும் போயிடுது. தாய்க்கே இல்லாதது பால்ல எப்படி வரும்?"

"நான் அஞ்சு பெத்தவ ஐயா. இதே பத்தியந்தான்."

"ஊர்ல என்ன அரிசி?"

"புழுங்கல். வீட்ல குத்துனது."

"அதுல சத்து தங்கியிருக்கும்மா" என்றார். அன்று மாலையே பிள்ளை போய்விட்டான்.

அம்மாமேல் எனக்குக் கோபமில்லை. பத்தியம் ரயிலேறி வந்தது, அந்த அரிசி வரவில்லை. அளந்து போட்ட சர்க்கார், அதில் எது போயிற்று என்று எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆத்திரம் மட்டும் அடங்கவே மாட்டேன் என்கிறது.

மறுபடியும் மாசமாக இருக்கிறேன். ரேஷனில் இப்போது ராகியும் குறைந்துவிட்டது. வீட்டு நெல் இருக்கிறது, வந்துவிடு என்று அம்மா எழுதுகிறாள். இதைக் காப்பாற்றப் போகத்தான் வேண்டும். போய்விட்டால், மழைக்கு அவன்மேல் மூடிய மண் கரையும்போது இங்கே யார் அள்ளிப் போடுவார்கள்?