சரியாக இருந்த இரண்டு குறுக்களவுகள்

காரின் முன்கண்ணாடி நொறுங்குவதை முதன்முதலில் நான் கேட்டது ரெட்டியார்பாளையத்தில் இருந்த எங்கள் பட்டறை வாசலில். அது கண்ணாடி உடைகிற சத்தமாகவே இல்லை. கல் உப்பு மூட்டையை யாரோ தரையில் கவிழ்த்தது போல இருந்தது. பழுது பார்த்து முடித்து, ஓட்டிப் பார்க்க எடுத்த டாக்ஸி வாசல் மேட்டில் ஏறி இறங்கியதும், புதுக் கண்ணாடி முழுவதும் பொடியாகி டாக்ஸிக்காரரின் மடியில் கொட்டியது. அவர் சட்டைப் பையை விரலால் விரித்து எட்டிப் பார்த்து, "பையிலயும் ரொம்பிடுச்சிப்பா" என்றார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்த கையோடு, அடிபட்ட வண்டிகளுக்கு எஸ்டிமேட் எழுதும் வேலைக்கு அங்கே சேர்ந்திருந்தேன். பட்டறையில் நான் ஒருத்திதான் பெண். என் பெயர் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் 'டிப்ளமா' என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி வெளியே போகும் முன் பார்க்க வேண்டியவை என்று பதினான்கு வரிகள் கொண்ட பட்டியல் ஒன்றை நானாகவே தயாரித்து வைத்திருந்தேன். கதவு இடைவெளி, பானெட் மூடும் விதம், மழைநீர் கசிவு என்று போகும் அது. ஏழாவது வரி, கண்ணாடி உட்காரும் திறப்பின் குறுக்களவு. மூலைக்கு மூலை நாடா பிடித்து, இரண்டு அளவும் ஒன்றாக வந்தால் சட்டம் கோணவில்லை என்று அர்த்தம். அந்த டாக்ஸிக்கு இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருந்தன. 'சரி' என்று எழுதியது நான்தான்.

தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் லாரி இடித்து, இடது முன்பக்கம் நசுங்கி வந்த வண்டி அது. அதை நிமிர்த்தியவர் எங்கள் டிங்கர் அண்ணன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் இருக்கலாம். பழைய பனியன் துணியை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு தகட்டின் மேல் தடவுவார். வெறுங்கை தகட்டில் ஒட்டிக்கொள்ளும், துணி வழுக்கினால்தான் மேடு பள்ளம் தெரியும் என்பார். நான் வெளிச்சம் பிடித்துத் தேடியும் கிடைக்காத பள்ளத்தில் அந்தக் கை தானாகப் போய் நிற்கும். ஒரு பக்கம் நசுங்கியிருந்தால், நன்றாக இருக்கும் மறுபக்கத்தைப் பார்த்துத் தகரத்தில் அச்சு வெட்டிக்கொள்வார். அதைத் திருப்பிப் பிடித்து, அடிபட்ட பக்கத்தை அதற்குப் பொருந்தும்வரை தட்டி எடுப்பார். இந்த டாக்ஸியின் முன்கண்ணாடியைத் தாங்கும் இடதுபக்கத் தூணையும் அப்படித்தான், வலதுபக்கத் தூணைப் பார்த்துச் செய்திருந்தார்.

மறுநாள் இரண்டாவது கண்ணாடி, மாட்டும்போதே நொறுங்கியது. முதலாளி கண்ணாடிக் கடைக்காரரைத் திட்டத் தொடங்கினார். "அளவு தப்பா குடுத்துட்டான். இன்னொண்ணு வரும், கண்ணாடிய சுத்தி வர்ற ரப்பரை உள்பக்கமா சீவி எப்படியாச்சும் உக்கார வெச்சி அனுப்பு. காலையில அவரு சவாரி போவணும்." பிரான்சுக்குப் போகும் ஒரு குடும்பத்தை மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விடும் சவாரி அது. அந்த ரோட்டில் போகிற வேகத்தில் கண்ணாடி மடியில் கொட்டினால் என்ன ஆகும் என்று எல்லோரும் யோசித்திருப்போம்.

டிங்கர் அண்ணன் வலதுபக்கத் தூணைத் துணிக்கையால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு விரல் முட்டியால் தட்டினார். தகடு கணீரென்று பேசும். இது தலையணை போல 'பொத்' என்றது.

"கடைக்காரர் மேல தப்பில்ல. இந்தப் பக்கம் நாலு வருஷம் முன்ன நான் பண்ணது. உள்ள சாஞ்சி நிக்கிது. மேல பட்டி பூசி மறைச்சிருக்கேன். இப்ப அதையே பாத்து எடது பக்கத்தையும் சாச்சிட்டேன்."

"குறுக்களவு ரெண்டும் ஒண்ணா இருக்கே அண்ணே?"

"இருக்கும் டிப்ளமா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பா இருந்தா உன் நாடா சரின்னுதான் சொல்லும்."

திறப்பின் மேல் அகலத்தை அளந்தேன். இருக்க வேண்டியதைவிட அரை விரல் குறைந்தது. ஒரு தூண் மட்டும் சாய்ந்திருந்தவரை ரப்பர் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மேல் அகலத்துக்கு என் பதினான்கில் ஒரு வரிகூட இல்லை.

"நாலு வருஷமா இதுலதான்யா பொண்டாட்டி புள்ளைங்கள ஏத்திகினு போனேன்" என்றார் டாக்ஸிக்காரர். டிங்கர் அண்ணன் உளியை எடுத்து, முன்பக்கம் முழுக்க அடித்த பெயின்ட் முந்தாநாள்தான் காய்ந்து பளபளத்த அந்த வலதுபக்கத் தூணில் வைத்து அடித்தார். பட்டி பிஸ்கட் போலப் பாளம் பாளமாக உதிர்ந்தது. அடியில் ஒழுங்கில்லாத சுத்தி அடிகளும் அவசரமாக ஓட்டிய வெல்டிங்கும் தெரிந்தன. எல்லோரும் பார்க்கும்படி விலகி நின்றார். முதலாளி கோபத்தில் கத்தினார். "பூசி மூடுறவன பாத்திருக்கேன். பூசுனத பேத்துக் காட்றவன இப்பதான்யா பாக்கறேன்."

"சவாரிக்காரங்ககிட்ட நான் போய் இன்னான்னு சொல்றது? நீயே வந்து சொல்லு" என்று டாக்ஸிக்காரர் டிங்கர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் பட்டித்தூள் படிந்த கையோடு அந்த வீட்டு வாசலில் நின்று சொன்னார். அவர்களுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்தார். அப்படியே கண்ணாடிக் கடைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பின்னாளில் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் பல வருஷம் இருந்தேன். என்னைச் சுற்றி அளவுக் கருவிகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் அன்று அந்த உளி தூணில் இறங்கிய கணத்தில் ஏற்பட்ட திகைப்பு எந்தக் கருவியைப் பார்த்தும் எனக்கு வந்ததில்லை. தகட்டின் பொய்யைக் கண்டுபிடித்த கையேதான் அந்தப் பொய்யைச் செய்த கையும். சும்மா இருந்திருந்தால் அதை யாருமே கண்டுபிடித்திருக்க முடியாது.

இரண்டு தூண்களையும் மூன்று நாளில் நிமிர்த்தினார். மூன்றாவது கண்ணாடி மாட்டியதும், ஓட்டிப் பார்க்கும்போது முன்சீட்டில் அவரே ஏறி உட்கார்ந்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். டாக்ஸிக்காரர் விழுப்புரம் ரோட்டில் ஒரு பள்ளத்தையும் விடவில்லை, தேடித் தேடி இறக்கினார். கண்ணாடி அசையவில்லை. திரும்பும்போது, "ஊரெல்லாம் உன் வேலைய புகழ்ந்து வெச்சிருக்கேன். இனிமே கேக்கறவங்களுக்கு இன்னான்னு சொல்றது?" என்றார்.

"நடந்ததச் சொல்லுண்ணே" என்றார் டிங்கர் அண்ணன்.

டாக்ஸிக்காரர் அப்படியே சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் பட்டறை வாசலில் மூன்று வண்டிகள் நின்றன. மூன்றும் டிங்கர் அண்ணன் பல வருஷம் முன்பு நிமிர்த்தியவை. "எங்களதையும் கொஞ்சம் தட்டிப் பாருப்பா" என்றார்கள் வண்டிக்காரர்கள். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் மூன்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எது மொதல்ல வந்துச்சோ அத உள்ள எடு" என்றார்.