மசூதிச் சுவர் நெருங்கி வந்த மூன்று வாரம்

தர்யோனோ ஈயப்பற்று வைத்துக்கொண்டிருந்தான். பழைய டிவிடி பெட்டியின் வில்லை, ஒரு லேசர், ஒரு சர்க்யூட் பலகை, எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள். ஒளி போய்த் திரும்புவதை வைத்து அது தூரத்தைச் சொல்லும். ஜாவாவின் அந்த மலைச்சரிவில் பதினோரு வீட்டுக்கும் ரேடியோவும் மோட்டாரும் பழுதுபார்ப்பவன் அவன். போன மழைக்காலத்தில் அடுத்த பள்ளத்தாக்கில் ஓர் ஊரே மண்ணுக்குள் போனது. அதிலிருந்துதான் இந்த டப்பா வேலை.

எதிர்ச்சரிவில் ஊர்த்தலைவர் ஜுமாதியின் சலாக் பழத்தோட்டம் இருந்தது. தரையில் வெடிப்பு கண்டது அங்கேதான். லேசர் பட்டுத் திரும்ப, தோட்டத்துப் பாறையில் சைக்கிளின் சிவப்பு மினுக்கி ஒன்றைப் பதித்திருந்தான். அருகே மசூதிச் சுவரில் இன்னொன்று, சரிபார்க்க. கெட்டிப் பாறைமேல் நிற்கும் மசூதி நகராது, அதன் தூரம் மாறினால் டப்பாவின் பிழை. அந்தப் பிழையை இரண்டு எண்ணிலும் கழித்துவிடுவான்.

மூன்று வாரமாக மசூதி நாளுக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் நெருங்கியது. ஈரம்தான் காரணம் என்று நினைத்து, தினமும் திருத்தினான். திருத்திய பின் தோட்டம் நின்ற இடத்திலேயே நின்றது.

“டப்பா என்ன சொல்லுது?” என்று ஜுமாதி சாயங்காலம் கேட்பார்.

“தூங்குங்க, பாக்” என்பான், ஐயா என்கிற மரியாதையோடு.

அன்று மத்தியானம் மனைவி வர்சினா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். படுத்த படுக்கையான மாமியாரைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா மறுபடி கால்மாட்டுக்குச் சறுக்கிட்டாங்க. கட்டிலுக்கு அண்டை கொடுத்தும் நிக்கல.”

“மெத்தை அமுங்கியிருக்கும்.”

“எட்டு வருஷம் தைவான்ல கிழவங்களப் புரட்டிப் போட்டவ நான். மெத்தையப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க. இதப் பாருங்க.”

தரையில் வைத்த தண்ணீர்ப் பாத்திரத்தைக் காட்டினாள். பள்ளத்தாக்குப் பக்கம் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. எதிர்ப்பக்கம் ஒரு விரல் இடைவெளி.

அவன் நோட்டை எடுத்தான். இதுவரை கழித்ததையெல்லாம் கூட்டினான். ஏழு சென்டிமீட்டர். பாறையும் சுவரும் ஒரே அளவு நெருங்கினால், நகர்வது அவையல்ல. டப்பாவைத் திருகி வைத்திருந்த மேசை. மேசை நிற்கும் வீடு. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

குடைகூட எடுக்காமல் ஜுமாதியிடம் போனான்.

“டப்பா சரியாத்தான் சொல்லிச்சு, பாக். நான்தான் மாத்திச் சொன்னேன். இறங்குறது நம்ம பக்கம்.”

ஜுமாதி புகையிலையைத் துப்பினார். “மூணு வாரமா என்னைத் தூங்கச் சொன்னியேடா.”

தர்யோனோ அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட ஓடினான்.

இருட்டுவதற்குள் பதினோரு வீட்டாரும் மூங்கில் பாலம் தாண்டி மசூதிக்கு வந்தார்கள். வர்சினா மாமியாருக்குச் சாரோங் துணியில் தொட்டில் கட்டினாள். நாலு பேர் தூக்கினார்கள். ஆடுகளைக் கொண்டுவர நேரமில்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. வெயிலைப் பார்த்ததும், “ஆட்டை மட்டும் அவுத்துட்டு வந்துடறேன்” என்று ஜுமாதி கயிற்றை எடுத்தார். தர்யோனோ அவரை நிறுத்திவிட்டு, டப்பாவை மசூதிப் படியில் வைத்து, தன் வீட்டு வெள்ளைச் சுவரைக் குறிபார்த்து எண்ணை எழுதினான். கால் மணி நேரம் கழித்து மறுபடி எழுதினான்.

“நாலு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கு, பாக்.”

“திருத்தினதுக்கு அப்புறமா?”

“திருத்தல.”

ஜுமாதி கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, யாரும் தாண்டாதபடி பாலத்தின் குறுக்கே மூங்கிலை வைத்துக் கட்டப் போனார்.