வலி நின்றுபோன காலை

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் கொல்லிமலையில், பைல் நாடு என்ற மலையூர்களின் பக்கம், ஒரு சின்ன மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டர் மாதம் ஒரு தடவை மலையேறி வருவார். மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. காய்ச்சலுக்குக் கொயினா கலக்கிக் கொடுப்பது, அரிவாள் வெட்டுக்குத் தையல் போடுவது, இவைதான் என் அன்றாட வேலை.

அந்த ஐப்பசியில் ஒரு மிளகு விவசாயி மனைவியோடு வந்தார். முப்பது வயதிருக்கும். போன வருஷம் அவர் உள்ளங்கையில் நான் ஏழு தையல் போட்டபோது முகத்தைச் சுளிக்காமல் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஆள். அன்றைக்கு அவரால் நிற்க முடியவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், சுவரில் சாய்ந்தார், மறுபடி குனிந்தார்.

"எங்கே வலிக்குது?"

"தொப்புளைச் சுத்திங்க. புடிச்சுப் புடிச்சு விடுது."

சோறு இறங்கவில்லை, இரண்டு தடவை வாந்தி என்றார் மனைவி. ஏழு தையலுக்கு அசையாதவர் முனகுகிறாரே என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வாசலில் காய்ச்சல்காரர்கள் வரிசையாக நின்றார்கள். அஜீரணம் என்று முடிவு கட்டி, விளக்கெண்ணெய் ஊற்றிக் குடிக்க வைத்து அனுப்பினேன். அந்தத் தவறை எந்த வார்த்தை போட்டும் நான் சின்னதாக்க முடியாது.

மறுநாள் மத்தியானம் அந்த அம்மாள் மழையில் நனைந்துகொண்டு தனியாக வந்தார்.

"ஏனுங்க, வயித்தால போச்சு, வலி மட்டும் போகலீங்க. எந்திரிக்கவே மாட்டேங்குறாரு. வந்து பாருங்க."

போனேன். முந்தின நாள் ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவித்தவர் இப்போது பாயில் அசையாமல் கிடந்தார். வலது முழங்காலை மட்டும் மடக்கி வைத்திருந்தார். இருமல் வந்தபோது அதை அடக்கிக்கொண்டார். வயிற்றின் இடது பக்கம் அழுத்தினேன், பொறுத்துக்கொண்டார். வலது பக்கம் அடிவயிற்றில் விரலை வைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மெல்ல அழுத்திச் சட்டென்று கையை எடுத்தபோது அலறிவிட்டார்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பழகிய நாட்களில் இப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். புரள வைக்கிற வலி ஒன்று, அசைய விடாத வலி வேறொன்று. தொப்புளில் தொடங்கி வலது பக்கம் வந்து நிலைத்துவிட்டால், குடல்வால் வீங்கிப் பழுத்திருக்கிறது. அதற்குப் பேதி மருந்து கொடுக்கவே கூடாது. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஒரு நாள் தாமதமாக நினைவுக்கு வந்தது.

"இன்னைக்கே கீழே கொண்டு போகணும். அறுத்துத்தான் எடுக்கணும்" என்றேன்.

அவருடைய அண்ணன் வெளியே கையைக் காட்டினார். "ஓடையெல்லாம் ரொம்பி ஓடுதுங்க. டோலி தூக்கிட்டு எப்படிங்க எறங்கறது? விடிஞ்சதும் பாக்கலாம்."

அவர் சொன்னது உண்மை. மேலிருந்து தண்ணீர் இரையும் சத்தம் அங்கேயே கேட்டது.

விடிந்ததும் போனபோது மழை விட்டிருந்தது. அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தார். கையில் ஒரு சேவல். சாமிக்கு வேண்டியிருந்தாராம்.

"வலி நின்னுபோச்சுங்க! கோழி கூப்புடற நேரத்துல பொசுக்குன்னு விட்டுருச்சு."

நான் அவரைத் தாண்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

உள்ளே நோயாளி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் முனகலுக்குப் பிறகு மனைவியிடம் கேலியாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் நாடி பிடித்தேன். நூல் போல மெலிந்து, எண்ண முடியாத வேகத்தில் ஓடியது. நாக்கு காய்ந்திருந்தது. வயிறு மூச்சுக்கு ஏறி இறங்கவில்லை. தொட்டால் பலகை மாதிரி இருந்தது.

அண்ணனை வெளியே கூட்டிப் போனேன். "உள்ளே இருந்தது உடைஞ்சு போச்சுங்க. அதான் வலி விட்டிருக்கு. சீழ் இப்போ வயிறு பூரா பரவுது."

"நல்லா ஆன ஆள எதுக்குங்க சொமந்துட்டுப் போகோணும்? சிரிச்சுப் பேசறானே!"

நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. நோயாளியே, "நாளைக்கு நானே நடந்து வாரேனுங்க" என்றார். வலி இருந்திருந்தால் அதுவே எனக்காகப் பேசியிருக்கும். இல்லாத வலியை வைத்துக்கொண்டு நான் யாரை நம்ப வைப்பேன்? பொழுது உச்சிக்கு வந்தது. அப்போது அவருக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் கொடுத்தும் நிற்கவில்லை. கண்கள் குழிவிழத் தொடங்கின. கஞ்சிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்த அந்த அம்மாள் கணவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தூக்குங்க மாமா" என்றார் கணவரின் அண்ணனிடம்.

மூங்கிலில் கம்பளி கட்டி நான்கு பேர் தூக்கினார்கள். புளியஞ்சோலைக்கு இறங்கும் வழியில் பாதி தூரத்தில் வலி திரும்பி வந்தது. எங்கே என்று கேட்டேன். இந்தத் தடவை விரலால் இடம் காட்டவில்லை. வயிறு முழுக்கக் கையை விரித்துக் காட்டினார். கல்லில் யாருடைய கால் வழுக்கினாலும் அவர் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

அடிவாரத்தில் மிளகு வாங்க வந்திருந்த பாய் ஒருவர், ஏற்றிய மூட்டைகளை இறக்கிவிட்டு மாட்டு வண்டியைக் கொடுத்தார். தானே ஓட்டியும் வந்தார். துறையூரிலிருந்து, பெட்ரோல் கிடைக்காத அந்த நாட்களில் கரி வாயுவில் ஓடிய பஸ். பெரிய ஆஸ்பத்திரிக்கு மறுநாள்தான் போய்ச் சேர்ந்தோம். அறுவை செய்த டாக்டர் வெளியே வந்து, "பேதிக்குக் கொடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"நான்தான் சார் கொடுத்தேன்."

அவர் திட்டவில்லை. கேஸ் காகிதத்தில் எழுதிக்கொண்டு உள்ளே போனார். மூன்றாம் நாள் அந்த விவசாயி இறந்துபோனார்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாள் மருந்தகத்துக்கு வந்தார். கீழே வரை கூட வந்ததற்கு நன்றி சொல்ல வந்தேன் என்றார். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. முதல் நாள் நான் கொடுத்தது கெடுதல் செய்தது என்று சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்திருக்கப் போய், மறுபடி உட்கார்ந்தார். பிறகு, "ஒண்ணு மட்டும் நெசத்தச் சொல்லுங்க" என்றார். "அன்னைக்கு விடியக்காலம் அவருக்கு மெய்யாலுமே வலிக்கலீங்களா? எனக்காவச் சிரிச்சாரா?"

"வலிக்கலம்மா. மெய்யாவே வலிக்கல."

தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் மருந்தகத்துப் பக்கம் வரவே இல்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டால் கணவரின் அண்ணனைத்தான் அனுப்புவார்.

மறு வருஷம் அரியூர் நாட்டிலிருந்து ஒரு பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். நேற்று எங்கே, இன்று எங்கே, நடந்தால் கூடுகிறதா, இருமினால் கூடுகிறதா என்று ஒரு மணி நேரம் அவரைப் படுத்தி எடுத்தேன். வலது பக்கம் லேசாகத்தான் வலித்தது. அன்றே டோலி கட்டி இறக்கிவிட்டேன். நாலாம் நாள் அவர் தானே மலையேறி வந்து வாசலில் நின்று கத்தினார்.

"வெறும் வாயுவாமுங்க! இதுக்குப் போயி என்னைத் துறையூரு வரைக்கும் அலைய விட்டீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதா?"

அவரை உட்காரச் சொல்லி, திட்டி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.