முதல் எயார் ஹோஸ்டஸ்

போன ஞாயிற்றுக்கிழமை கண்டியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் விருந்து. என் அண்ணன் மகள் தர்ஷினிக்கு வளைகுடாப் பக்கம் எயார் ஹோஸ்டஸ் வேலை கிடைத்திருக்கிறது. வாசலில் யூனிஃபோர்மோடு அவளுடைய ஆளுயரப் படம். வருகிறவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"எங்க சொந்தத்துலயே... ஏன், கண்டித் தமிழாளுங்கள்லயே முதல் எயார் ஹோஸ்டஸ் எம் மகதான்!"

ஒரே கைதட்டல். என்னால் தட்ட முடியவில்லை. காரணம், பக்கத்துக் கதிரையில் புஷ்பராணி உட்கார்ந்திருந்தாள்.

யார் அவள்? என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். கட்டுகஸ்தோட்டைக்காரி. எண்பதுகளிலேயே விமானத்தில் வேலைக்குப் போனவள். அதைவிட முக்கியம் – என் அண்ணனுக்கு நிச்சயமாகியிருந்த பெண்.

வேலைக் கடிதம் வந்த வாரமே அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

"கண்டவனுக்கெல்லாம் கிளாஸ்ல ஊத்திக் குடுக்குற பொண்ணு நம்ம வீட்டுக்கு வேணாம்."

அண்ணன் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றினார். அதைத் திருப்பிக் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். சிநேகிதி அல்லவா?

நான் போனபோது அவள் கண்ணாடி முன்னால் யூனிஃபோர்ம் சேலையை மடித்து ஊசி குத்திப் பழகிக்கொண்டிருந்தாள்.

"ஒங்க அண்ணன் என்னா சொல்றாரு?"

"அப்பா சொல்றதுதான்."

"சரி. நீ என்னா சொல்ற வசந்தி?"

மோதிரத்தை மேசையில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அவ்வளவுதான் என் சிநேகம்!

அதற்குப் பிறகு அவள் லீவில் வரும்போதெல்லாம் பஸ் நிலையத்தில் விசில் பறக்கும். "டீயா, கோப்பியா மிஸ்?" என்று பையன்கள் கத்துவார்கள். "ராத்திரியில ஹோட்டல்லதான் தங்குவீங்களாமே?" என்று பெண்கள் விசாரிப்பார்கள். விமானத்தில் அவள் பயணிகளின் வாந்தி துடைத்ததையும், மயங்கி விழுந்தவர்களைத் தூக்கி உட்கார வைத்ததையும் யாராவது விசாரித்தார்களா? வரன் என்று ஒருவரும் வரவில்லை. இப்போது வேலையை விட்டு வந்து வீட்டிலேயே இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறாள். தர்ஷினியை நேர்முகப் பரீட்சைக்குத் தயார் செய்தவளும் அவள்தான். பழைய கதை எதுவும் தெரியாத தர்ஷினி, டீச்சரை விருந்துக்கு அழைத்திருந்தாள்.

அண்ணன் மேடையை விட்டு இறங்கியதும் அருகில் போனேன்.

"தர்ஷினி முதல் ஆள் இல்லண்ணே. ஒங்களுக்குத் தெரியும்தானே?"

அவர் புஷ்பராணி இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். டையைச் சரிசெய்தார்.

"நல்ல நாள்ல அதெல்லாம் எதுக்கு?"

திரும்பி வந்து உட்கார்ந்தேன். எதிரே கடுகண்ணாவை ஊர்ச் சித்தி அண்ணியிடம் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம தர்ஷினியோட சேர்ந்து வேலைக்குப் போற அந்த ரோஸ் சேலைப் புள்ள லட்சணமா இருக்காளே. ஒங்க மகனுக்குக் கேட்டா என்னா?"

அண்ணி சிரித்தார்.

"ஐயோ, வேணாம் சித்தி. ஆம்பளைங்களோட ஊர் ஊரா சுத்துற புள்ள. நம்ம வீட்டுக்கு சரி வருமா?"

சொல்லிவிட்டு, எதுவுமே நடக்காததுபோல் புரியாணியைப் பரிமாறினார்.

புஷ்பராணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க வசந்தி. இப்ப கைதட்டிட்டுச் சொல்றாங்க."

எழுந்து தர்ஷினியிடம் போனாள். அவள் கன்னத்தைத் தொட்டு, "சப்பாத்து ஒரு சைஸ் பெருசா வாங்கு. மேல போனா கால் வீங்கும்" என்றாள். பிறகு போய்விட்டாள். வாசல்வரை கூடப் போனவள் நான் ஒருத்திதான்.

காலம் மாறிவிட்டது என்கிறோமே... யாருக்கு? மகளுக்கு மாறியிருக்கிறது. மருமகளாக வரப்போகிறவளுக்கு அப்பா காலம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று வாயால் சொல்லாததை இந்தப் பத்திரிகையில் எழுதிவிட்டேன். அண்ணன் பத்திரிகை வாசிப்பதில்லை. அண்ணி வாசிப்பார் – வாசிக்கட்டும்!