பந்தயத்தின் பின்னால் போன சம்பந்தி

போன பொங்கல் முடிந்த அடுத்த வாரம் நடந்தது இது. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து என் மகளின் மாமனாரும் மாமியாரும் முதல் முறையாக மன்னார்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

எனக்கு ஒரே கவலை. கல்யாணத்தன்று முதல் பந்தியில் சம்பந்தி வீட்டாருக்கு இடமில்லாமல் நிற்க வைத்துவிட்டோம். எங்கள் பக்கம் இதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு கிடையாது. அதிலிருந்து சம்பந்தி என்னிடம் "நல்லாருக்கீங்களா" என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. எப்படியாவது அவர் மனதைக் குளிரவைக்க வேண்டுமென்று நானும் என் கணவரும் தஞ்சாவூரைச் சுற்றிக்காட்ட அழைத்துப் போனோம்.

பெரிய கோயில் நந்தியைக் காட்டினேன். "ம்" என்றார். அரண்மனையில் வெண்கலச் சிலைகளைக் காட்டினேன். அதற்கும் "ம்". திருவையாற்றில் சூடாக அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தோம். அதையும் பேசாமல்தான் சாப்பிட்டார். எல்லாம் விழலுக்கு இறைத்த நீர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் ஓர் ஊரில் போலீஸ்காரர்கள் காரை நிறுத்திவிட்டார்கள். மாட்டுவண்டிப் பந்தயமாம். பல தலைமுறையாக அதே சாலையில்தான் நடக்கிறது. பிள்ளையார் கோயிலில் கிளம்பி, ஆற்றுப் பாலத்தில் கொடி வாங்கித் திரும்ப வேண்டும். வண்டிகள் பறந்தன. பின்னாலேயே பைக்குகளும் கூச்சலுமாக ஒரு கூட்டம்.

இறங்கி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தி திடீரென்று வேட்டியை மடித்துக் கட்டினார். "தம்பி, என்னையும் ஏத்திக்கங்க" என்று முன்பின் தெரியாத ஒருவரின் பைக்கில் தாவி ஏறிப் புழுதியில் மறைந்துவிட்டார்!

சம்பந்தியம்மா பதறிப்போனார். "ஐயோ, நெஞ்சுல ஸ்டென்ட் வெச்ச மனுசனுங்க! போனும் என்ற பையிலதான் கெடக்குது!"

என் கணவர் பின்னால் ஓடிப் பார்த்தார். கூட்டம் விடவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த மனிதருக்கு ஒன்று ஆகிவிட்டால் மகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? வேண்டாத தெய்வமில்லை.

வண்டிகள் திரும்பின. ஒவ்வொரு பைக்காகப் பார்த்துக்கொண்டே நின்றோம். கடைசியில் வந்தார். தலையெல்லாம் புழுதி, ஒரு காலில் செருப்பில்லை, தொண்டை கட்டியிருந்தது. வாயெல்லாம் சிரிப்பு.

"எங்கூர்ல ஒவ்வொரு வண்டியா ஓட்டி நேரத்தைத்தான் பாப்பாங்க. இப்படி எல்லாம் ஒண்ணா ஓடி நான் பாத்ததே இல்லீங்க சம்பந்தியம்மா! பாலத்துல திருப்புனாங்க பாருங்க, அப்பப்பா!"

என்னை அவர் "சம்பந்தியம்மா" என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "காலையிலேருந்து நீங்க வாயே தொறக்கல. பந்தி விஷயத்துல இன்னும் கோவமா இருக்கீங்களோன்னு பயந்துட்டேங்க" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அவர் திருதிருவென்று விழித்தார். "எனக்கென்னங்க கோவம்? அன்னைக்கு எங்காளுக உங்க ஆளுங்களச் சத்தம் போட்டாங்க இல்லீங்க, அதுல நீங்கதான் கோவமா இருக்கீங்கன்னு நான் பயந்துட்டு வந்தனுங்க."

சம்பந்தியம்மா எங்கள் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மன்னார்குடி வரும்வரை காரில் சிரிப்பு அடங்கவில்லை.

இப்போதெல்லாம் யாராவது என்னிடம் வெறுமே "ம்" என்றால் நான் கோபம் என்று முடிவு கட்டுவதில்லை. அவர்களும் என்னைப் போலப் பயந்துகொண்டிருக்கலாம் என்று நானே முதலில் பேச்சைத் தொடங்கிவிடுகிறேன்.