செல்வி ஆறு மணிக்குத்தான் எழுவாள்

மில்லர்புரத்தில் தேவபிரசாதம் சார் வீட்டுச் சேவலுக்கு வேலையே கிடையாது. அது கூவுவதற்கு முன்னால் சார் எழுந்துவிடுவார். நாசரேத்துக்காரர், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவர் எழுந்தால் வீடே எழுந்தாக வேண்டும். மூத்த மகள் ஜெயசெல்வி பி.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்த நாளிலிருந்து சுவரில் ஒரு டைம்டேபிள் தொங்கியது. சார் தன் கையாலேயே கோடு போட்டு எழுதியது. மூன்றரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், ராத்திரி பதினொன்று வரை படிக்க வேண்டும். குளிக்க எத்தனை நிமிடம், தலை பின்ன எத்தனை நிமிடம் என்பது வரை அதில் உண்டு. கணக்கு வாத்தியார் அல்லவா, ஒரு நிமிடம்கூட மிச்சம் விடவில்லை.

அப்படிப் படித்த பெண் என்ன ஆனாள்? எழுபத்து நாலு ஏப்ரலில், இரண்டாம் ஆண்டுப் பரீட்சை ஹாலில், மூன்றாவது கேள்வியின் பாதியில் மேசை மேல் தலை வைத்துத் தூங்கிப் போனாள். கண்காணிப்புக்கு வந்தவர் தட்டி எழுப்பியபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது. அடுத்த பேப்பரில் தூங்கவில்லை. ஆனால் கேள்வியை நாலு தடவை படித்தும் ஒரு எழுத்தும் உள்ளே இறங்கவில்லை. இரண்டு பேப்பரும் போயிற்று.

சோம்பேறி என்று பெயர் வைத்தார்கள். மூன்றரை மணிக்கு எழுகிறவளைச் சோம்பேறி என்று சொல்ல எப்படித்தான் வாய் வந்ததோ!

"அக்டோபர்ல எழுது. அதுலயும் போச்சுன்னா படிப்பு போதும். சாத்தான்குளத்துல பேசி வச்சிருக்கேன். ஜனவரில கல்யாணம்" என்றார் தேவபிரசாதம். மாப்பிள்ளை பேங்கில் வேலை பார்த்தாராம், நல்ல குடும்பமாம். மூன்றாம் ஆண்டு படித்துப் பட்டம் வாங்க வேண்டும் என்பது செல்வியின் ஆசை. அதை யாரும் கேட்கவில்லை.

செல்வி அழவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். எந்த நேரத்தில் எத்தனை கணக்குப் போட்டாள், அதில் எத்தனை சரி என்று ஜூன் மாதம் பதினெட்டு நாள் எழுதினாள். விடியற்காலை நாலு மணிக்கு, கண் எரிய எரிய உட்கார்ந்து போட்ட பத்தில் மூன்று சரியாக வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போட்ட பத்தில் ஒன்பது. அப்பா நாசரேத்துக்குப் போயிருந்த இரண்டு ராத்திரி ஏழு மணி நேரம் தூங்கினாள், மறுநாள் பத்துக்குப் பத்தும் வந்தது. நோட்டைக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினாள்.

அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "நாங்கல்லாம் விடியக்காலத்துல படிச்சுத்தான் வாத்தியாரானோம். நீ எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டுதியோ?" என்றார்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். தினமும் உள்ளதுதான். சின்னவள் கிருபை முதலில், பிறகு செல்வி, பிறகு அம்மா ஜெயபாய், கடைசியில் அப்பா. அதன் பின் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லி எழுந்திருப்பார்கள். அந்த வரிசையில் ஒரு சூட்சுமம் உண்டு. தேவபிரசாதம் சாரின் ஜெபத்தில் பாதி ஆண்டவருக்கு, பாதி வீட்டாருக்கு. கறியில் உப்பு கூடினதும் கிருபை தட்டு உடைத்ததும் அதில்தான் வரும். கண்ணை மூடி முழங்காலில் நிற்கிறவர்கள் யாரும் பதில் பேச முடியாது. கடைசி ஜெபமும் அவருடையது என்பதால் கடைசி வார்த்தையும் எப்போதும் அவருக்கே.

"ஆண்டவரே, இந்த வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறாள். நீர் கிருபையாய்க் கொடுத்த நேரத்தைத் தூக்கத்தில் கழிக்கப் பார்க்கிறாள். தகப்பனுக்குப் புத்தி சொல்ல வருகிறாள். அவளுடைய சோம்பலின் கட்டுகளை அறுத்தருளும்" என்று அன்றைக்கு அவர் ஜெபித்து முடித்தார்.

செல்வி தன் முறை வந்தபோது வாயே திறக்காமல் இருந்துவிட்டாள். இப்போது, அவர் ஆமென் சொன்ன கையோடு, ஆரம்பித்தாள்.

"அன்பின் ஆண்டவரே, நீர் எனக்குத் தந்த மூளை மூன்றரை மணிக்கு வேலை செய்யவில்லை. பத்துக் கணக்கில் மூன்றுதான் சரி. சாயங்காலம் ஒன்பது. பதினெட்டு நாள் எழுதி வைத்திருக்கிறேன், நீரே சாட்சி."

அப்பா தொண்டையைச் செருமினார். அவள் நிறுத்தவில்லை. குரல் ஏறிக்கொண்டே போனது.

"பரமண்டலங்களில் இருக்கிற..." என்று அவர் சத்தமாகத் தொடங்கினார்.

"பிள்ளை ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்காள்லா" என்றாள் ஜெயபாய், கண்ணைத் திறக்காமலே. "ஜெபத்துக்கு நடுவுல சத்தம் போடக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிருக்கீய?"

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்த அம்மாள் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சார் வாயை மூடிக்கொண்டார்.

"இனி நான் ஒன்பதரைக்குப் படுப்பேன், ஆறு மணிக்கு எழுவேன். எப்போது படிக்க வேண்டும், எப்போது புத்தகத்தை மூட வேண்டும் என்பதை நானே பார்த்துக்கொள்வேன். என்னை எழுப்பாமல் இருக்கிற மனதை அப்பாவுக்குத் தாரும். அக்டோபரில் தோற்றால் சாத்தான்குளத்துக்குப் போகிறேன், மறுபேச்சு பேசமாட்டேன். ஆமென்."

மறுநாள் மூன்றரை மணிக்குக் காப்பித் தம்ளரோடு அப்பா கட்டிலருகே வந்து நின்றார். அவரைப் பற்றித்தான் தெரியுமே.

"ஏளா, எந்திரி."

"ஆறு மணிக்கு எந்திரிப்பேன்பா."

"தோத்துப் போனா?"

"தோத்தா அது நான் தோத்ததா இருக்கட்டும். ஏப்ரல்ல தோத்தது உங்க டைம்டேபிள்."

அறை விழும் என்று நினைத்துப் போர்வையை இறுக்கிக்கொண்டாள். விழவில்லை. அவர் போய் அந்தக் காப்பியைத் தானே குடித்தார். அதற்குப் பிறகு அவளிடம் பேச்சு இல்லை. சுவரில் இருந்த டைம்டேபிளைச் செல்வியே கழற்றி மடித்து அவர் மேசை மேல் வைத்தாள்.

அப்பாவை ஜெயித்துவிட்டாள். தன்னை ஜெயிப்பது அப்படி இல்லை. எழுப்ப ஆள் இல்லாத முதல் வாரத்தில் ஆறு மணி ஏழாயிற்று. ஐந்து மணிக்குக் கணக்குப் போட உட்கார்ந்தால் கை தன்னால் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்குப் போனது. ஒரு நாள் ஒரு கணக்கும் போடாமலே ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஊரைக் கூட்டி ஜெபம் பண்ணிவிட்டு இதற்குத்தானா என்று நோட்டில் பெரிதாக எழுதினாள். பத்திரிகைகளை எல்லாம் கிருபையிடம் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் கெஞ்சினாலும் தராத" என்றாள். இரண்டு தடவை கெஞ்சவும் செய்தாள். கிருபை தரவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. நாலரையிலிருந்து ஆறரை வரை கணக்கு. ஒரு கணக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இழுத்தால் விட்டுவிட்டு அடுத்தது. அதன் பின் கிருபையோடு உப்பளத்துப் பக்கம் ஒரு நடை. ஜெபம், சாப்பாடு, ஒரு மணி நேரம் வாசிப்பு, தூக்கம். கன்னத்தில் சதை பிடித்தது. சிரிப்பும் திரும்பி வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்டுகள், "பரீட்சைய வச்சிக்கிட்டு இவா காத்து வாங்கப் போறா பாருங்க" என்றார்கள். செல்வி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அக்டோபர் பரீட்சைக்கு முந்தின நாள் ஆறரைக்குப் புத்தகத்தை மூடினாள். அப்பா வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஹாலில் முதல் கேள்வியே தெரியாத கேள்வியாக வந்தது. பழைய பயம் எட்டிப் பார்த்தது. பேனாவைக் கீழே வைத்தாள். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி ஓயும் வரை சும்மா இருந்தாள். பிறகு நாலாவது கேள்வியிலிருந்து எழுதத் தொடங்கினாள்.

ரிசல்ட் பேப்பரில் வரும் என்று சொன்ன டிசம்பர்க் காலை. ஐந்தரைக்கு வாசலில் பேப்பர் விழுந்தது. செல்வி விழித்துத்தான் இருந்தாள். ஆனால் எழவில்லை. ஆறு மணி என்றால் ஆறு மணிதான். அப்பா கதவைத் திறந்தார். பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. அவர் கட்டிலருகே வந்து நின்றார். பாஸ் என்றால் இந்நேரம் வீட்டையே இரண்டாக்கியிருப்பாரே! போயிற்று என்று நினைத்தாள். கண்ணுக்குள் சூடாகத் தண்ணீர் முட்டியது. சரி, தோற்றிருந்தாலும் ஆறு மணிக்கே கேட்டுக்கொள்கிறேன் என்று கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அம்மா வந்தாள். "என்ன இங்கன நிக்கீய? நம்பர் இருக்கா?"

"ரெண்டும் பாஸ்" என்றார் அப்பா.

"அப்போ எழுப்புங்களேன்!"

"சத்தம் போடாத. பிள்ளை தூங்குது. ஆறு அடிக்கட்டும்."

நாற்காலியை மெல்ல இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மிச்சமிருந்த கால் மணி நேரமும் அந்த வீட்டில் யாரும் அசையவில்லை. தலையணை நனைந்ததைச் செல்வி ஒரு கையால் மறைத்துக்கொண்டு கிடந்தாள். ஆறு அடித்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"சாத்தான்குளத்துக்கு இன்னைக்கே காயிதம் போட்டுருங்கப்பா" என்றாள்.

தேவபிரசாதம் சார் சட்டைப் பையைத் தடவிப் பேனாவை எடுத்தார். "என்னன்னு எழுத?" என்று அவளிடமே கேட்டார்.