யார் வழி வந்தது?

1

முரளியின் சிறுநீரை அவன் அம்மா விஜயா ஒரு காலி ஜாம் பாட்டிலில் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். கெட்டி டிகாக்‌ஷன் நிறம். "சிஸ்டர், கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. அவனுக்கு வலிக்கறதான்னுகூட தெரியலை" என்றாள்.

நான் நர்ஸ் இல்லை, லேப் டெக்னீஷியன். ஊசி பிடிக்கிற பெண் எல்லாம் மயிலாப்பூரில் சிஸ்டர்தான். தொண்ணூறுகளில் அங்கே வீட்டுக்கு வீடு மலேரியா, முரளியையும் விடவில்லை. எட்டு வயது. உட்கார முடியாது, பேச முடியாது, வலிப்புக்கு மட்டும் மூன்று மருந்து. மலேரியாவுக்குக் கொடுத்த பிரைமாகுயின் மாத்திரையில் அவன் ரத்தச் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பித்திருந்தன.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். வழக்கமாக அவனைப் பார்க்கும் டாக்டர் ஜி-சிக்ஸ்-பி-டி டெஸ்ட் எழுதினார். சிலருக்குப் பிறவியிலேயே அந்த என்ஸைம் குறைவு. பெரும்பாலும் அவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை, சில மருந்துகள் மட்டும் ஆகாது. எந்த மருந்து யாருக்கு ஆகாது என்று முன்கூட்டிச் சொல்லும் டெஸ்ட் அன்று எங்கள் லேபில் அது ஒன்றுதான். உடனே எடுத்தால் ஏற்றின ரத்தம்தான் பதில் சொல்லும் என்பதால் மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார்.

2

சாம்பிள் எடுக்க அவர்கள் வீட்டுக்கே போனேன். விஜயாவின் மாமியார் வாசலிலேயே மறித்தாள்.

"அதான் பொழைச்சு வந்துட்டானே. இன்னும் எதுக்குக் குத்திண்டு? இதை எடுத்தா எழுந்து நடந்துடுவானா?"

கோபம் வந்தாலும் அந்தக் கேள்வியை என்னால் தள்ள முடியவில்லை. இப்படிப்பட்ட குழந்தைகளின் கையில் குத்தாத இடம் பாக்கியிருக்காது. எத்தனையோ டெஸ்ட் எடுத்து எதுவும் மாறாத வீடு அது.

விஜயா விடவில்லை. "நடக்க மாட்டான்மா. ஆனா, இந்த மருந்து வேண்டாம்னு அவன் வாயைத் தொறந்து சொல்ல மாட்டானே. அவனுக்காக நான் சொல்லணும்னா எனக்குத் தெரியணும்."

முரளியின் விறைத்த கையை அவளே பிடித்துக்கொண்டாள். குழந்தைகளுக்கான மெல்லிய பட்டர்ஃபிளை ஊசியால் குத்தி, இரண்டாவது முயற்சியில் ரத்தம் கிடைத்தது.

3

என்ஸைம் மிகக் குறைவு என்று வந்தது. ரிப்போர்ட்டை நானே பக்கத்து அறையில் இருந்த டாக்டரிடம் கொண்டுபோனேன். விஜயா, அவள் கணவர், மாமியார் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இனிமே சில மருந்துங்க இவனுக்குக் கொடுக்கவே கூடாது" என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"அது கெடக்கட்டும். இது யார் வழியா வந்தது, டாக்டர்?" என்றாள் மாமியார்.

"அம்மா வழியா. அதுல அவங்க தப்பு ஒண்ணும் இல்ல."

இரண்டாவது வாக்கியம் யார் காதிலும் ஏறவில்லை. விஜயாவின் தங்கை ரேவதிக்கும் அந்த மாமியாரின் இளைய மகனுக்கும் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. ரேவதிக்கும் இது இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை, முரளி நடக்காததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அவன் பிறக்கும்போது மூச்சுத் திணறியதுதான் காரணம் என்று டாக்டர் தொண்டை வறளச் சொன்னார்.

"ஒண்ணை வெச்சுண்டே தாங்கலை. அந்த ஆத்து ரத்தம் இன்னொண்ணு வேண்டாம்" என்று மாமியார் எழுந்துவிட்டாள். கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்த மனுஷன், பேங்க் உத்தியோகம்! எனக்கு அவரை உலுக்க வேண்டும்போல் இருந்தது.

எந்த மாத்திரை கூடாது என்று கேட்டவள் விஜயா ஒருத்திதான். அழுதுகொண்டே கேட்டாள். அந்த வாரமே ரேவதியின் கல்யாணம் நின்றது.

4

சில வருடம் கழித்து முரளிக்கு மறுபடி காய்ச்சல். புதிதாக வந்த டாக்டர் மருந்து எழுதப் பேனாவை எடுத்ததும் விஜயா கூடாத மருந்துகளை மளமளவென்று ஒப்பித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

வெளியே வந்ததும் தங்கையைப் பற்றி விசாரித்தேன். ரேவதிக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி ஒரு பையன் என்றாள்.

"அவனுக்கும் ஒரு தடவ பாத்துடலாமே? இங்க கூட்டினு வாங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"குத்தின எடத்துல பஞ்சு ஒட்டுவேளே, சிஸ்டர். அவ மாமியார் எதுக்குன்னு கேக்க மாட்டாளா?"

"காய்ச்சல் வந்து யாராவது அந்த மாத்திரையக் கொடுத்துட்டா?"

"வராம இருக்கணும்னு வேண்டிண்டிருக்கேன். டெஸ்ட் டெஸ்ட்னு நின்னு, ஒரு தடவை அவ வாழ்க்கையைக் கெடுத்தாச்சு. போறும்."

முரளியைத் தூக்கி ஆட்டோவில் ஏற்ற அவளுக்கு ஒரு கை கொடுத்தேன்.

லேபுக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். இந்த மாதிரி ரிப்போர்ட் வந்தால் குடும்பத்தை மொத்தமாக உள்ளே விடாதீர்கள். முதலில் அம்மாவைத் தனியாக உட்காரவைத்து டாக்டரைப் பேசச் சொல்லுங்கள். மருந்தைப் பற்றிப் பேசி முடித்த பிறகு மற்றவர்கள் வரட்டும்.

ரேவதியின் பையன் எங்கள் லேபுக்கு வரவே இல்லை.